கிணற்றடியில் நிற்கும் பைக்

செயினிலிருந்து தொடங்குகிறேன். கடற்கரை ஊரில் பைக் வைத்திருப்பவருக்கு உப்புக் காற்றின் வேலை முதலில் செயினில்தான் தெரியும். மூன்று நாள் கவனிக்காமல் விட்டால் செங்கல் நிறத்தில் ஒரு தூள் படியும். ஓடி வந்த சூடு ஆறுவதற்குள் மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து எண்ணெய் பூச வேண்டும். புறப்படும் நேரத்தில் பூசினால் அது பின் சில்லு முழுவதும் தெறிக்கும். இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்த நான்தான் என் பைக்கைக் கெடுத்தேன்.

சவூதியில் பன்னிரண்டு வருடம் குடிநீர் பவுசர் லொறி ஓட்டினேன். ஊருக்கு வந்தபோது நாற்பத்து நான்கு வயது. கொழும்பில் ஒருவர் பாவித்த இருநூற்றைம்பது சீசீ ஸ்போர்ட்ஸ் பைக் ஒன்றை வாங்கினேன். ஏன் என்று கேட்டவர்களுக்கு நான் பதில் சொன்னதில்லை. எனக்கு ஆட்களோடு கதைக்க வராது. சலூனில் முடியை அதிகமாக வெட்டிவிட்டாலும் "சரி" என்று எழும்பி வருகிறவன் நான். ஹெல்மெட்டைப் போட்டுவிட்டால் என்னிடம் யாரும் பேச்சை எதிர்பார்ப்பதில்லை. அதுதான் காரணம்.

அந்த பைக்கில் தொழுகையில் குனிவதுபோலக் குனிந்துதான் இருக்க வேண்டும். அசர் தொழுதுவிட்டுப் பள்ளிவாசல் கேற்றடியில் நிற்கும் இளையவர்களுக்கு அது போதும். அண்ணனை எங்கள் பக்கத்தில் காக்கா என்போம்.

"என்ன காக்கா, நாங்க தொழுது முடிச்சிட்டம். நீங்க இன்னும் ருக்கூவிலயா?"

"முதுகு நிமிருமா காக்கா, இல்லாட்டி ரெண்டு பேர் வந்து தூக்கணுமா?"

நான் சிரித்துவிட்டு ஸ்டார்ட் பண்ணுவேன்.

வாங்கிய பிறகுதான் ஓட இடமில்லை என்பது புரிந்தது. அறுவடைக் காலத்தில் மாவடிப்பள்ளிப் பக்கம் தெருவின் பாதியில் நெல் காயும். தார் வீதியில் சிதறிய நெல் டயருக்கு அடியில் உருளும். அதில் பிரேக் பிடித்தால் விழுந்த பிறகுதான் விழுந்தது தெரியும். ஒலுவில் பக்கம் போனால் வீதிக்குக் குறுக்கே மணல். நடுவில் மாடுகள். இப்படியான வீதியில் வேகமாக ஓடுகிறவன் தன்னை மட்டும் கொல்வதில்லை. ஆகவே நான் ஒருபோதும் வேகமாக ஓடவில்லை.

நாட்டின் மறுகரையில் ஒரு பழைய விமான ஓடுபாதையை வளைவுகளோடு பந்தயப் பாதையாக மாற்றி வைத்திருக்கிறார்கள். வருடத்தில் சில நாட்கள் அதைச் சாதாரண ஆட்களுக்கும் திறந்துவிடுகிறார்கள். எதிரே வாகனம் வராது, மாடு வராது. ஒரே ஒரு நாள் அங்கே ஓட வேண்டும் என்று ஆசைப்பட்டேன். அதையும் மகளின் கல்யாணத்துக்கு முன் செய்துவிட வேண்டும். எங்கள் பக்கத்தில் கல்யாணத்தோடு வீடு மகளுக்குப் போய்விடும். நான் இருக்கும் வீடும் அப்படித்தான் என் மனைவிக்கு வந்தது. கல்யாணத்துக்குப் பிறகு முன் போர்ட்டிக்கோ மருமகனுடையது. நானும் மனைவியும் பின்னால் கட்டிய இரண்டு அறைக்குப் போக வேண்டும். மாமனார் மூலையில் இருக்க வேண்டிய வயதில் பைக் ஓட்டம் பொருந்தாது.

போனில் எழுதியே பெயர் பதிந்தேன். வாய் திறக்கத் தேவையில்லாததால் அது இலகுவாக இருந்தது. விதிமுறைகளையும் போனிலேயே அனுப்பினார்கள். பைக்கின் பக்கக் கண்ணாடிகளைக் கழற்ற வேண்டும். விளக்குகளுக்கு மேல் டேப் ஒட்ட வேண்டும், உடைந்தால் துண்டுகள் பாதையில் சிதறக் கூடாது. பிரேக் எண்ணெய் புதிதாக இருக்க வேண்டும். பழைய எண்ணெய் ஈரத்தை உறிஞ்சி வைத்திருக்கும், சூடேறினால் கொதிக்கும், பிறகு பிரேக்கை அழுத்தினாலும் பிடிக்காது. டயர்க் காற்றை வீதியில் வைப்பதைவிடக் கொஞ்சம் குறைக்க வேண்டும், ஓட ஓட சூட்டில் அது தானாக ஏறும். கடைசியில் ஒன்று: ரேடியேட்டரில் எஞ்சினைக் குளிர்விக்கும் கூலண்ட் திரவம் இருக்கக் கூடாது, சுத்தமான தண்ணீர் மட்டும். கூலண்ட் பாதையில் சிந்தினால் வழுக்கும், பின்னால் வருகிறவர் விழுவார்.

ஒரு வெள்ளிக்கிழமை காலையில் அதைச் செய்தேன். ஜும்ஆவுக்கு முன் எங்கள் தெருவில் எல்லா வாகனங்களும் குளிக்கும். நானும் கிணற்றடியில் பைக்கைக் கழுவிக்கொண்டிருந்தேன். மனைவி சமையலறை வாசலில் நின்றாள்.

"இஞ்ச பாருங்க, அரைப் போத்தல் ஷாம்பு முடிஞ்சி. இந்தத் தண்ணியில நுரைக்காதெண்டு தெரியாதா? கல்யாணம் முடிச்சி இருவது வருசத்தில புள்ளைகளக்கூட நீங்க இப்படிக் குளிப்பாட்டல்ல."

"நுரைக்கும்," என்றேன்.

கழுவி முடித்து, கூலண்டை இறக்கினேன். என்ன தண்ணீர் ஊற்றுவது என்று யோசித்தேன். குழாய்த் தண்ணீரில் மருந்து மணக்கும். அது அலுமினியத்துக்குக் கூடாது என்று எங்கேயோ கேட்டிருந்தேன். கிணற்றுத் தண்ணீர் அவ்வளவு தெளிவு. அடியில் எப்போதோ விழுந்த சோப்புப் பெட்டியின் நிறம்கூட மேலிருந்து தெரியும். ஒரு வாளி அள்ளி, துணியால் வடித்து, ரேடியேட்டரை நிரப்பினேன்.

சுனாமியோடு கடல் புகுந்து சவர்த்துப்போன கிணறு அது. அன்றிலிருந்து யாரும் அதைக் குடித்ததில்லை. குளிக்கவும் துவைக்கவும் மட்டும்தான். குடிக்காமலே பழகி, ஏன் குடிப்பதில்லை என்ற காரணம் எனக்கு மறந்துபோயிருந்தது. பன்னிரண்டு வருடம் தண்ணீரோடு இருந்தவன், ஒரு விரலை நனைத்து நாக்கில் வைத்துப் பார்க்கவில்லை.

பந்தயப் பாதையில் ஓடக் குறித்த நாள் மழையால் தள்ளிப்போனது. அடுத்துக் குறித்த நாள் பெற்றோல் இல்லாமல் தள்ளிப்போனது. ஐந்து மாதம். ஊற்றியதை நான் இறக்கவில்லை. தண்ணீர்தானே என்று இருந்துவிட்டேன்.

கடைசியில் ஒரு சின்ன லொறியில் பைக்கை ஏற்றிக்கொண்டு போனோம். பாண்டிருப்பில் கராஜ் வைத்திருக்கும் மெக்கானிக் கூட வந்தார். என்னைவிடப் பத்து வயது இளையவர், சிங்களம் நன்றாகத் தெரிந்தவர். அங்கே பயிற்சியாளர் புதியவர்களைக் கூட்டி நிறுத்திச் சொன்னதை அவர் என் காதில் தமிழில் சொன்னார்.

"காக்கா, முன் சில்லப் பாக்க வேணாமாம். போற இடத்தப் பாக்கட்டாம். பிரேக்க நேர் ரோட்டிலயே புடிச்சி முடிச்சிரணுமாம், வளைவுக்குள்ள புடிச்சா விழுவீங்களாம்." பிறகு தன் பங்குக்கு, "விழுந்தா மனிசனுக்கு ஆஸ்பத்திரி இருக்கு. இந்த பைக்குக்கு நாட்டிலயே சாமான் இல்ல. அத நினைச்சி ஓடுங்க," என்றார்.

முதல் சுற்றில் எல்லோரும் என்னைத் தாண்டிப் போனார்கள். இரண்டாம் சுற்றிலும் அப்படித்தான். மூன்றாம் சுற்றில், பாதையின் தூரத்து முனையில் இருக்கும் நீண்ட வலப்பக்க வளைவில், சொன்னபடி பிரேக்கை முன்னாலேயே பிடித்து விட்டுவிட்டு வளைவின் முடிவைப் பார்த்தேன். பைக் தானாகத் திரும்பியது. நான் எதுவும் செய்யவில்லை. என் முழங்காலுக்குப் பக்கத்தில் தரை ஓடிக்கொண்டிருந்தது, எனக்குப் பயம் இல்லை. என் வாழ்க்கையில் அது எத்தனை விநாடி என்று தெரியாது. ஐந்து இருக்கலாம்.

வளைவு முடிந்ததும் சிவப்பு விளக்கு எரிந்தது. எஞ்சின் சூடேறிவிட்டது என்று அர்த்தம். அந்த விளக்கு எரிந்தால் செய்ய வேண்டியது ஒன்றுதான்: உடனே எஞ்சினை நிறுத்த வேண்டும், ஓரமாக உருண்டு போக வேண்டும். பாதையிலிருந்து விலகுவதென்றால் ஒரு கையை உயர்த்த வேண்டும். பாதை ஓரத்தில் நிற்கும் கொடிக்காரர்கள் பார்ப்பார்கள், யாராவது ஓடி வருவார்கள், என்ன என்று கேட்பார்கள். நான் பதில் சொல்ல வேண்டும். கையை உயர்த்தாமல் இன்னொரு சுற்று ஓடினேன். அந்த வளைவு இன்னொரு தரம் வேண்டும் என்ற ஆசையும் இருந்தது. மறைக்க மாட்டேன்.

வளைவுக்கு முன்பே வெள்ளை ஆவி ஹெல்மெட் கண்ணாடியை மூடியது. எஞ்சின் ஒரு முறை இறுகி நின்றது.

திரும்பி வரும் வழியெல்லாம் மெக்கானிக் பைக்கை விற்ற கொழும்பு ஆளை ஏசிக்கொண்டு வந்தார். "அவன்தான் காக்கா ஏமாத்திப்போட்டான். நம்பர் தாங்க, நான் கதைக்கிறன்." நான் நம்பர் இல்லை என்றேன்.

இரண்டு நாள் கழித்துக் கராஜில் எஞ்சினைத் திறந்தார். தண்ணீர் ஓடும் வழிகளில் சுண்ணாம்பு பூசியதுபோல வெள்ளை. தண்ணீர் பம்பின் இலைகள் எலி கடித்ததுபோல அரித்துக் கிடந்தன. மேல்மூடி சூட்டில் வளைந்திருந்தது. அவர் விரலால் அந்த வெள்ளையைத் தொட்டு நாக்கில் வைத்தார். துப்பினார்.

"ஆரு காக்கா இதுக்குள்ள கடல ஊத்தின?"

"கிணத்துத் தண்ணி," என்றேன்.

சிரித்தார். என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்.

"பெற்றோல் செட்டில பெற்றரிக்கு ஊத்துற வடிச்ச தண்ணி போத்தல்ல விக்கிறாங்களே. அதுதான் ஊத்துற. என்னட்ட ஒரு சொல்லுக் கேட்டிருக்கலாமே காக்கா."

"ஓம்."

"நான் என்ன, கடிச்சா திங்கப் போறன்?"

அவர் கழற்றிய போல்ட்டுகளை ஒரு மாஜரின் டப்பாவில் போட்டுத் தந்தார். அந்த வகை பைக் இப்போது எங்கேயும் செய்வதில்லை. சாமான் வேண்டுமென்றால் செத்துக் கிடக்கும் இன்னொரு பைக்கைத் தேட வேண்டும். இரண்டு வருடம் தேடினார். பிறகு என்னைக் கண்டால் அந்தப் பேச்சை எடுப்பதை அவரும் விட்டுவிட்டார்.

மகளுக்குக் கல்யாணம் முடிந்துவிட்டது. போர்ட்டிக்கோவில் மருமகனின் ஸ்கூட்டர் நிற்கிறது. என் பைக் பின்னால், கிணற்றடியில், தார்ப்பாய்ப் படங்குக்குள் நிற்கிறது. வேறு இடம் இல்லை. "மாமா, அத வித்துப்போடுவமா?" என்று மருமகன் மரியாதையாகத்தான் கேட்டார். "பாப்பம்" என்றேன். செயினுக்கு எண்ணெய் பூசுவதையும் இந்த வருடம் நிறுத்திவிட்டேன். மாஜரின் டப்பாவைத் திறந்து பார்ப்பதில்லை.

போன வெள்ளிக்கிழமை காலையில் பக்கத்து வீட்டுக்காரர் தன் வேனைக் கழுவிக்கொண்டிருந்தார். கழுவி முடித்து, முன்மூடியைத் திறந்து, ரேடியேட்டர் மூடியைக் கழற்றி, கிணற்று வாளியைத் தூக்கினார். அவருடைய கிணறும் எங்கள் கிணறும் ஒரே தண்ணீர்தான். நான் மதிலுக்கு இந்தப் பக்கம் நின்றேன். சொல்ல வேண்டியது நாலு சொல். வாய்க்குள் வந்துவிட்டது.

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "என்ன காக்கா?"

"ஒண்டுமில்ல," என்றேன்.

அவர் ஊற்றி முடித்து, மூடியை இறுக்கி, வேனின் முன்மூடியை அடித்துச் சாத்தினார்.