கார்புரேட்டருக்குள் ஆவாரம்பட்டை

நான்கு நாளாகக் காரைக் கிளப்பும் கைப்பிடியைச் சுற்றிச் சுற்றி என் வலது தோள் வீங்கிப் போயிருந்தது. முதலாளியின் கார் இரண்டு தடவை இருமும், அப்புறம் அடங்கிவிடும். ஆம்பூரில் அவருடைய தோல் பதனிடும் கிடங்கு வாசலில் நடந்த இந்தக் கூத்தைத் தினமும் வேடிக்கை பார்த்தவர், எதிரே குதிரை வண்டி நிறுத்தியிருந்த ஜட்காக்காரர்.

"இன்னா தோஸ்த், ஒரு கட்டு புல்லு போட்டுப் பாரேன்" என்பார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. "வெள்ளிக்கிழமைக்குள்ள கிளம்பலன்னா இத்த வித்துட்டு ஜட்கா வெச்சுக்குறேன். நீ பழையபடி சுண்ணாம்புக் குழிக்கே போய்டு" என்று முதலாளி சொல்லியிருந்தார். டிரைவர் ஆவதற்கு முன் ஆறு வருஷம் அந்தக் குழியில் நின்று தோல் புரட்டியவன் நான். கால் விரலிடுக்கெல்லாம் வெந்திருக்கும்.

வியாழன் காலை கார்புரேட்டரைக் கழற்றினேன். பெட்ரோல் வரும் சின்னக் குழலான ஜெட்டை வெயிலில் பிடித்தால் ஊசித்துளை அளவு வெளிச்சம் தெரிய வேண்டும். ஒன்றும் தெரியவில்லை. கார்புரேட்டர் கிண்ணத்தின் அடியில் பழுப்பாக ஏதோ படிந்திருந்தது. பார்த்ததும் புரிந்துவிட்டது, கூடவே வியர்த்தும்விட்டது. பெட்ரோல் வடிகட்ட முதலாளி தம் கையாலேயே கொடுத்த ஆட்டுத்தோலிலிருந்து உதிர்ந்த தூள் அது. "நம்ம சரக்கு மாதிரி சீமையிலகூட கிடையாது" என்று பெருமை பேசித் தந்த தோல். அவர் தோலைக் குறை சொல்லிவிட்டு அந்தக் கிடங்கில் யாரும் நிலைத்ததில்லை.

முதலில் அடைப்பை எடுக்க வேண்டும். கம்பி விட்டால் துளை பெரிதாகி, கார் பெட்ரோல் குடித்தே முதலாளியை ஓட்டாண்டியாக்கிவிடும். வெட்கத்தை விட்டு ஜட்காக்காரரிடம் குதிரைவால் மயிர் ஒன்று கேட்டேன். கார் ஓடாவிட்டால் அவருக்குத்தான் லாபம். ஆனாலும் மனுஷர் சிரித்துக்கொண்டே நாலு மயிர் பிடுங்கிக் கொடுத்தார்.

மயிரை விட்டு இழுத்து ஜெட்டில் வெளிச்சம் தெரிந்த நேரத்தில் முதலாளி வந்து நின்றார். வந்தது வரட்டும் என்று கிண்ணத்தை நீட்டினேன்.

"இது இன்னாது?"

"நீங்க குடுத்த தோல்லருந்து வந்துதுங்க."

அவர் முகம் சிவந்தது. தூளை விரலில் தொட்டார். குழித் தண்ணீரை ருசி பார்க்கிற பழக்கத்தில் நாக்கிலும் வைத்தார். பெட்ரோல் நாற்றத்தில் முகம் சுளித்தது, பிறகு மெல்ல மலர்ந்தது.

"அட, ஆவாரம்பட்டை! நம்ம மூணாவது குழி!" தோல் பதனிடக் குழியில் ஊறப்போடும் பட்டையைக் கண்டதும், சொந்தப் பிள்ளையைச் சந்தையில் கண்டுபிடித்தவர் மாதிரி கத்தினார். "சீமை வண்டியையே நிறுத்திட்டுது பாத்தியா, அவ்ளோ சத்து!" தோளில் கிடந்த வெள்ளைத் துண்டை உருவி என்னிடம் போட்டார். "இனிமே இதுல வடிகட்டு. தப்பு என்னுது."

கார்புரேட்டரை மாட்டிக் கைப்பிடியைச் சுற்றினேன். அரைச் சுற்றுதான். கார் உறுமிய உறுமலில் குதிரை மிரண்டது. எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. முதலாளி ஜட்காக்காரரையும் விடவில்லை. "உன் குதிரை மயிரும் இதுல இருக்குது, ஏறு" என்று பின் இருக்கையில் தள்ளினார்.

பாலாறு வரைக்கும் போனோம். சுண்ணாம்புக் குழிகளைத் தாண்டுகையில் வழியில் ஒரு ஈ காக்காய்கூட இல்லை. ஆனாலும் ஹாரனின் ரப்பர் பந்தை இரண்டு முறை பலமாக அமுக்கினேன்.