ஒரே ஒடிப்பில் திரும்பிய வண்டி

1. வட்டம்

உத்திரமேரூர் டாக்சி ஸ்டாண்டில் சேர்ந்த முதல் நாளே என் அம்பாசடரை ஏரிக்குள் இறக்கச் சொன்னார்கள். கோடையில் ஏரி வறண்டு கிடக்கும். ஸ்டீரிங்கை முழுக்க ஒடித்து ஒரு வட்டம் போட வேண்டும். டயர் தடத்தைக் கயிற்றால் அளந்து முடிச்சுப் போடுவார்கள். புது வண்டி எது வந்தாலும் இந்தச் சடங்கு உண்டு.

"இன்னாபா இது, கல்யாணப் பந்தலுக்கு எடம் உட்ட மாதிரி கீது" என்று சிரித்தார் ஸ்டாண்டின் மூத்த டிரைவர் தனகோடி.

அவருடையது ஹெரால்டு, சின்னக் கார். ஸ்டாண்டில் இருந்த பியட்டின் வட்டம் என் வட்டத்துக்குள் அடங்கியது. ஹெரால்டின் வட்டம் பியட்டுக்குள்ளேயே அடங்கியது. முன்சக்கரம் கால் சுளுக்கிக்கொண்டது போல அவ்வளவு தூரம் ஒடியும். பின்பக்கம் ஒரு டயர் மட்டும் தேய்ந்ததன் மேல் புது ரப்பர் ஒட்டிய ரீட்ரெட், அதன் நடுவில் ஒரு வெட்டு. அதனால் அவர் தடத்தை எங்கே பார்த்தாலும் தெரிந்துவிடும். எனக்கு அந்த வண்டி மேல் பொறாமைதான்.

2. கரை

அந்த வருஷம் மழை பிடித்து ஏரி நிரம்பியது. மார்கழியில் ஒரு காலை, ஏரிக்கு அந்தண்டை கிராமத்திலிருந்து பிரசவக் கேஸ். பின்சீட்டில் புருஷன் மடியில் தலை வைத்து அந்தப் பெண் படுத்திருந்தாள். கரை மேல் போனால் ஆஸ்பத்திரி கிட்டே. பனியில் பானெட்டுக்கு அப்பால் நாலு முழம் தரைதான் தெரிந்தது.

"அண்ணா, இவ்ளோ நேரம் கத்திக்கினு இருந்தா. இப்ப வலி நின்னு போச்சின்றா. சீக்கிரம் போண்ணா."

வேகம் எடுத்தேன்.

அப்போதுதான் ஈரமண்ணில் ஒரு டயர் தடம் தெரிந்தது. எதிர்ப்பக்கமிருந்து வந்த வண்டி ஒன்று ஒரே ஒடிப்பில் திரும்பி, வந்த வழியே போயிருந்தது. பிரேக் அடித்து இறங்கினேன். ரீட்ரெட் டயர், நடுவில் வெட்டு. தடத்தோடே நடந்தேன். கொஞ்ச தூரத்தில் கரையே இல்லை. உடைப்பில் தண்ணீர் சத்தமில்லாமல் போய்க்கொண்டிருந்தது. வந்த தடமும் திரும்பிய தடமும் அந்த விளிம்பு வரை போயிருந்தன.

அங்கே அம்பாசடரைத் திருப்ப வழியே இல்லை. புருஷன் இறங்கி டிக்கிக்குப் பின்னால் குரல் கொடுத்துக்கொண்டே நடக்க, ரிவர்ஸிலேயே வந்தேன். நான் வந்த பக்கத்தில் என் தடத்தைத் தவிர வேறு தடம் இல்லை. சுற்றுவழியில் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தோம். தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள்.

3. முடிச்சு

அவர் தடம்தான் எங்களை நிறுத்தியது என்று தனகோடிக்கு நன்றி சொல்லப் போனேன். ஹெரால்டு செங்கல் மேல் நின்றது. சக்கரம் நான்கும் சுவரில் சாய்ந்திருந்தன.

"நான் எங்க நைனா போனேன்? பேரிங் வர்ல. ரொம்ப நாளா இப்டியே கீது."

வெயில் ஏறியதும் இருவரும் ஸ்டாண்டின் முடிச்சுக் கயிற்றோடு சுற்றுவழியில் கரைக்குப் போனோம். தடத்திலிருந்த வெட்டை அவர் விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு கயிற்றைக் கரைக்குக் குறுக்கே பிடித்தோம். ஹெரால்டின் முடிச்சு கரையைத் தாண்டித் தண்ணீர் மேல் தொங்கியது.

"என் வண்டியே இங்க திரும்பாது" என்றார்.

அடுத்த கோடையில் யாரும் வட்டம் போடவில்லை.

புது டிரைவர்கள் எந்த வண்டி நெருக்கமாகத் திரும்பும் என்று கேட்டால், ஹெரால்டு என்றுதான் இன்றும் சொல்கிறேன். கூடவே இதையும் சொல்வேன்: முன்னால் போன தடம் திரும்பியிருந்தால் நிறுத்தி இறங்கிப் பாருங்கள், யாருடைய வண்டி என்று விசாரிக்கப் போகாதீர்கள். நான் விசாரித்தேன். அதன் பிறகு பனி நாளில் அந்தக் கரை மேல் நான் ஹாரன் அடித்ததே இல்லை, பதில் வந்துவிடுமோ என்ற பயத்தில்.