ஆட்சேபணை இல்லை

நீதிமன்ற வட்டாரத்தில் அவருக்கு வாய்தா வக்கீல் என்று பெயர். முகத்துக்கு நேரே யாரும் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் மனுஷன் சந்தோஷப்பட்டிருப்பார். மற்றவர்கள் சட்டத்தைக் கரைத்துக் குடித்த வயதில் இவர் வழக்கைத் தள்ளிப்போடும் வித்தையைக் கரைத்துக் குடித்தார். சாட்சிக்கு வயிற்றுவலி. நகல் இன்னும் வரவில்லை. மூத்த வக்கீல் வேறு கோர்ட்டில் இருக்கிறார். அந்த மூத்த வக்கீலே இவர்தான் என்பது வேறு விஷயம்.

அப்படி அவர் பதினான்கு வருஷம் இழுத்தடித்தது ஒரு தையல்காரம்மாவின் வழக்கை. அப்பா விட்டுப்போன வீட்டில் பாதி வேண்டும் என்று அந்த அம்மா அண்ணன் மேல் போட்ட வழக்கு. அண்ணன் மரக்கடை வைத்திருந்தார்; அவருக்குத்தான் இவர் வக்கீல். வழக்கு முடியாதவரை முழு வீடும் அண்ணன் கையில். அந்த அம்மாவோ ஒவ்வொரு வாய்தாவுக்கும் கடையைப் பூட்டிவிட்டு, சாப்பாட்டு டப்பாவும் ஃபிளாஸ்க்குமாக வந்து பெஞ்சில் உட்கார்ந்துவிடுவார்.

ஒருநாள் வக்கீலுக்குக் காய்ச்சல். வராந்தாவில் நின்று இருமிக்கொண்டிருந்தார். தையல்காரம்மா ஃபிளாஸ்க்கிலிருந்து வெந்நீர் ஊற்றி நீட்டினார்.

"குடிங்க சார். இன்னைக்கும் வாய்தாதானே? காலையிலயே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா கடையப் பூட்டாம இருந்திருப்பேன்ல."

திட்டியிருந்தால் துடைத்துப் போட்டுவிட்டுப் போயிருப்பார். அந்த அம்மா அதைக் கோபமே இல்லாமல் கேட்டதுதான் வக்கீலுக்குச் சுருக்கென்றது. ஆனாலும் அன்றைக்கும் வாய்தா வாங்கிவிட்டுத்தான் வீட்டுக்குப் போனார். பழக்கம், என்ன செய்ய?

அடுத்த வருஷம் தேர்தல் வந்தது. கட்சிக்கு நன்றாகப் பேசுகிற ஆள் தேவைப்பட்டது. இவரைப் பிடித்து நிறுத்தினார்கள். முதல் கூட்டத்திலேயே, எழுதிக் கொடுத்த பேச்சை மடித்து வைத்துவிட்டு, "ஒரு வழக்குக்கு மூணு வாய்தாதான். நாலாவது கிடையாது. அப்படி ஒரு சட்டம் கொண்டு வரேன்!" என்று முழங்கிவிட்டார். கீழே நின்ற குமாஸ்தாவுக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"என்ன சார் இது, நம்ம பொழப்புல நாமளே மண்ணள்ளிப் போடறதா?"

"போடுவோம்யா. ரொம்ப நாள் சாப்பிட்டாச்சு."

ஜெயித்தார். வழக்குகளை ஜூனியரிடம் ஒப்படைத்துவிட்டுத் தலைநகருக்கு ரயிலேறினார். அங்கே சாதாரண உறுப்பினர் ஒரு மசோதாவைப் பேச்சுக்குக் கொண்டுவர வேண்டுமென்றால் குலுக்கலில் பெயர் வர வேண்டும். நாலு வருஷம் வரவில்லை. ஐந்தாம் வருஷம் வந்தது: வெள்ளிக்கிழமை மதியம், ஒரு மணி நேரம். தையல்காரம்மாவுக்குப் பார்வையாளர் சீட்டு அனுப்பி வைத்தார். அந்த அம்மா இரண்டு நாள் கடையைப் பூட்டிவிட்டு வந்து மாடத்தில் உட்கார்ந்தார்.

அன்று வக்கீல் வெளுத்து வாங்கினார் என்றுதான் சொல்ல வேண்டும். எதிர்வரிசை கூட மேஜையைத் தட்டியது. அந்தச் சூட்டிலேயே ஓட்டுக்கு விட்டிருந்தால் நிறைவேறியிருக்கும். சட்ட அமைச்சர் சாவகாசமாக எழுந்தார்.

"நல்ல மசோதா. ஆராய்ந்து பார்க்கக் கொஞ்சம் அவகாசம் வேண்டும். அடுத்த கூட்டத்தொடரில் எடுத்துக்கொள்ளலாமே?"

சபாநாயகர் இவரைப் பார்த்தார். "உறுப்பினருக்கு ஆட்சேபணை உண்டா?"

எதிர்த்தரப்பு அவகாசம் கேட்டால் தடுக்கக் கூடாது. நாளைக்கு நாமும் கேட்க வேண்டிவரும். வக்கீல்களுக்குள் எழுதாத மரியாதை அது. முப்பது வருஷத்து நாக்கு, மூளையைக் கேட்கவே இல்லை. எழுந்து, கோட்டுப் பொத்தானைப் போட்டு, லேசாகக் குனிந்து சொன்னார்:

"ஆட்சேபணை இல்லை, கனம் நீதிபதி அவர்களே."

சபை கொல்லென்று சிரித்தது. சிரிப்பு அடங்கிய பிறகுதான் தாம் எதை விட்டுக்கொடுத்தோம் என்பது அவருக்கு உறைத்தது. ஐயோ, பாவி மனுஷா!

வெளியே தையல்காரம்மா காத்திருந்தார். "இங்கயும் வாய்தாதானா சார்?"

அடுத்த கூட்டத்தொடர் வரவே இல்லை. சபை கலைந்தது, மசோதா செத்தது. கட்சி வேறு ஆளைத் தேடிக்கொண்டது. வக்கீல் ஊர் திரும்பி மறுபடி கறுப்புக் கோட்டை மாட்டினார். முதல் ஆளாக மரக்கடைக்காரர் வந்து நின்றார்.

"உங்க ஜூனியர் தடுமாறுறாரு சார். பழையபடி நீங்களே பாத்துக்கோங்க."

"வாதாடச் சொன்னா வரேன். இழுக்க வரமாட்டேன். சம்மதம்னா வக்காலத்துல கையெழுத்துப் போடுங்க."

சார் பேச்சுக்குச் சொல்கிறார் என்று நினைத்து அவர் போட்டுவிட்டார்.

அடுத்த வாய்தா அன்று நீதிபதி பேனாவைத் திறந்துகொண்டே கேட்டார். "எந்தத் தேதி வேணும்?"

"தேதி வேண்டாங்கய்யா. நாங்க தயார்."

தையல்காரம்மாவின் வக்கீல்தான் அலறி எழுந்தார். பத்தொன்பது வருஷமாக வாதத்துக்குத் தேவைப்படாத வழக்குக் காகிதக் கட்டை அவர் எடுத்தே வரவில்லை. "எங்களுக்கு ஒரு வாய்தா..."

"ஆட்சேபணை இருக்கு," என்றார் வாய்தா வக்கீல். நீதிபதியே ஒருமுறை மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். கட்டைக் கொண்டுவர மதியம் வரை நேரம் கொடுத்தார்.

மதியம் இரு தரப்பும் பேசின. மரக்கடைக்காரருக்காகச் சொல்லக்கூடியதை எல்லாம் வக்கீல் ஒளிவுமறைவில்லாமல் சொன்னார், எடுபடவில்லை. பாதி வீடு தங்கைக்கு என்று அங்கேயே தீர்ப்பாயிற்று.

வராந்தாவில் தையல்காரம்மா அவருக்கு முன்னால் வந்து நின்றார். சந்தோஷமா, அழுகையா என்று சொல்ல முடியாத முகம்.

"கடிகாரத்தையே பாத்துட்டிருந்தேன் சார். நாப்பது நிமிஷம். இவ்வளவுதானா சார் இது?"

முப்பது வருஷமாக எதற்கும் ஒரு காரணம் கைவசம் வைத்திருந்த மனிதர், "இவ்வளவுதாம்மா," என்றார். அந்த அம்மா, கடை திறக்க நேரமாகிவிட்டது என்று படியிறங்கிப் போனார்.