கேழ்வரகில் காய்ச்சிய துரை பீர்

அந்தத் தெர்மாமீட்டர் பெட்டி எனக்குச் சேர வேண்டியது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டில் இந்தக் கதையை யார் எடுத்தாலும் போதகர் ஏப்பம் விட்ட இடம் வரைக்கும் வந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்து, அதோடு முடித்துவிடுகிறார்கள். பெட்டியைப் பற்றி ஒருவரும் வாய் திறப்பதில்லை. பன்னிரண்டு வருடமாக நானும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

எங்களுக்குப் போடியில் ரொட்டிக் கடை. முன்னால் கடை, நடுவில் வீடு, பின்கட்டில் அடுப்பு. அப்பா கல்லாவில் இருப்பார். ரொட்டியை மலைக்கு ஏற்றுவது தாய்மாமாவின் பொறுப்பு. காலை முதல் பஸ்ஸில் கூடைகளோடு போடிமெட்டு மலைப்பாதை ஏறி, எஸ்டேட் எஸ்டேட்டாகக் கொடுத்துவிட்டு, சாயங்காலம் காலிக் கூடைகளோடும் ஒரு கூடைக் கதைகளோடும் இறங்குவார். அந்தக் கதைகளில் பாதி ஒரு துரையைப் பற்றியது. மற்ற வெள்ளைக்காரர்கள் எல்லாம் ஊர் போய்ச் சேர்ந்த பிறகும் அவர் மட்டும் ஒரு தேயிலை எஸ்டேட் பங்களாவில் தங்கிவிட்டார். எங்கள் ரொட்டியை, அதுவும் அடிப்பக்கம் கொஞ்சம் கருகியிருந்தால்தான், விரும்பிச் சாப்பிடுவார்.

ஒருநாள் துரை, தன் சொந்த ஊர் பீரைப் பற்றி மாமாவிடம் சொல்லியிருக்கிறார். பிட்டர் என்று பெயராம். பழுப்பு நிறம், கசப்பு, நுரை கொஞ்சம்தான், ஐஸ் வைத்துக் குடித்தால் பாவம். இருபது வருடமாகக் கண்ணால் பார்க்கவில்லையாம். மாமா உடனே நெஞ்சை நிமிர்த்தி, அது ஒரு பெரிய காரியமா, நாங்கள் காய்ச்சித் தருகிறோம் என்று சொல்லிவிட்டு இறங்கிவிட்டார். மாமாவுக்கு அதுவரை வெந்நீர்கூடத் தனியாகக் காய்ச்சிப் பழக்கமில்லை.

துரை இரண்டு பொருள்களைக் கொடுத்தனுப்பினார். ஒன்று, டைப் அடித்த செய்முறைத் தாள். இன்னொன்று, பச்சை வெல்வெட் பள்ளத்தில் நீளமாகப் படுத்திருந்த தெர்மாமீட்டர், பித்தளைக் கொக்கி போட்ட மரப்பெட்டியோடு. இருநூற்று இருபது டிகிரி பாரன்ஹீட் வரைக்கும் மெல்லிய கோடுகள். எனக்கு அப்போது பதினோரு வயது. அதற்கு முன்னால் எந்தப் பொருளையும் நான் அப்படி ஆசைப்பட்டதில்லை.

“சரியா வந்துச்சுன்னா பெட்டிய வச்சுக்கச் சொல்லிட்டாக தொரை” என்றார் மாமா. என் பார்வை போன இடத்தைக் கவனித்தவர், “நீ குறிப்பு எழுது மருமகளே. நல்லா வந்தா பெட்டி உனக்குத்தான்” என்றார். சாட்சிகள் இருவர்: அப்பா, அம்மா.

மதுவிலக்கு திரும்பவும் வந்திருந்த சமயம் அது. அப்பா சபைக் கமிட்டியில் வேறு இருந்தார். அதனால் வீட்டுக்குள் அந்தச் சமாச்சாரத்துக்குப் பார்லித் தண்ணி என்று பெயர் வைத்தார்கள். அப்பா தனக்கு ஒன்றும் தெரியாது என்று அறிவித்துவிட்டுக் கல்லாவுக்குப் போனார். போகிற போக்கில், என்றைக்குத் தயாராகும் என்று மட்டும் கேட்டார்.

தாளில் முதலில் எழுதியிருந்தது, முளைகட்டி உலர்த்திய பார்லி. மாமா நாட்டு மருந்துக் கடையில் இரண்டு கிலோ பார்லி வாங்கி அண்டாவில் ஊறப்போட்டார். அடுப்படியிலிருந்து அம்மா எட்டிப் பார்த்தாள்.

“ஏலே, அது தோல உரிச்சுத் தீட்டுன பார்லி. கஞ்சிக்குத்தான் ஆகும். அது எங்கன மொளைக்கப் போகுது?”

“அக்கா, நீ சும்மா இரு. இது இங்கிலீஷ் மொறை.”

என் நோட்டில் அந்தப் பக்கம் இன்னும் இருக்கிறது. நாள் ஒன்று: முளை இல்லை. நாள் இரண்டு: முளை இல்லை. நாள் நான்கு: முளை இல்லை, நாற்றம் உண்டு. ஐந்தாம் நாள் அண்டாவைச் சாக்கடையில் கவிழ்த்தோம். பக்கத்து வீட்டில் எலி செத்துக் கிடக்கிறதா என்று கேட்டார்கள்.

அடுத்தது ஹாப்ஸ் என்ற பூ. அதற்காக மாமா போடிக் கடைத்தெரு முழுவதும் அலைந்தார், தேனிக்குப் போனார், மதுரைக்கு ஆள் சொல்லிவிட்டார். சாப்பிடும்போது சலித்துக்கொண்டே அந்தப் பெயரை வாய்விட்டுச் சொன்னபோது அம்மா எழுந்து போய், பரணிலிருந்து ஒரு தகர டப்பாவை எடுத்து வந்து அவர் இலைக்குப் பக்கத்தில் வைத்தாள். உள்ளே காய்ந்த பச்சைப் பூ.

“வாராவாரம் இதத்தான்டா கொதிக்க வச்சு ரொட்டிக்கு ஈஸ்ட் தண்ணி போடுறேன். நீ தலையில தூக்கிட்டுப் போற ரொட்டியெல்லாம் இதுலதான் பொங்குது.”

மாவு பொங்க ஊற்றுவதற்குக் கள் கிடைக்காத ஊரில் ரொட்டிக்கடைக்காரர்களுக்கு அந்தப் பூதான் கதி. மாமாவுக்கு அது தெரியாது. தெரியாததற்காக அவர் கொஞ்சமும் கூச்சப்படவில்லை. “பாத்தியா மருமகளே, நம்ம வீட்லயே இருந்திருக்கு. எழுது” என்றார். நான் எழுதினேன்: ஹாப்ஸ் கிடைத்தது.

முளைகட்டுவதற்கும் அம்மாதான் வழி செய்தாள். என் தம்பிக்கு அப்போது கஞ்சி கொடுக்கிற வயது. அதற்காகக் கேழ்வரகை ஊறவைத்து, துணியில் கட்டி, வெள்ளை வேர் விட்டதும் வெயிலில் காயவைத்து, இளவறுப்பாக வறுத்துத் திரிப்பாள். அதையே இன்னும் நிறையச் செய்து, ஒரு படியை மட்டும் கருக வறுத்து, வேகவைத்த பார்லியோடு கலந்துவிடச் சொன்னாள். துரைக்குக் கூழா கரைத்துக் கொடுப்பது என்று மாமா குதித்தார். பிறகு வேறு வழி தெரியாமல் ஒத்துக்கொண்டார். கேழ்வரகு முளையிலிருக்கும் சத்து, பார்லி மாவையும் சேர்த்துச் சர்க்கரையாக மாற்றிவிடும் என்பதைக் கல்லூரியில் ஒரு முழுப் பருவம் உட்கார்ந்து நான் பின்னால் படித்தேன்.

கலவையை நூற்று ஐம்பது டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்திருக்க வேண்டும் என்றது தாள். தெர்மாமீட்டரை இறக்குவது என் வேலை. ஆனால் நான் இறக்குவதற்கு முன்பே அம்மா ஆள்காட்டி விரலை விட்டுப் பார்த்துவிடுவாள்.

“ஒண்ணு சொல்றதுக்குள்ள விரல எடுத்துரணும். ரெண்டு சொல்ல முடிஞ்சா ஆறிப்போச்சு, விறகத் தள்ளு.”

பாதரசம் ஒவ்வொரு முறையும் நூற்று ஐம்பதிலோ ஒன்றிரண்டு கோடு தள்ளியோதான் நின்றது. நான் நூற்று ஐம்பது என்று எழுதினேன். விரலைப் பற்றி எழுதவில்லை. துரையின் தாளில் விரல் என்று எதுவும் இல்லை.

வடிகட்டி, ஹாப்ஸ் பூவைப் போட்டுக் கொதிக்கவிட்டு, ஆறியதும் அம்மாவின் ஈஸ்ட் தண்ணியை விட்டு, ஜாடியைக் குடிதண்ணீர்ப் பானை நிற்கும் ஈரமணலில் புதைத்து, சாக்கு போர்த்தினோம். பள்ளிக்கூடம் போகும் முன்பும் வந்த பின்பும் நான் டிகிரி பார்ப்பேன். அம்மா மூடியை விலக்கி மோந்து பார்ப்பாள். “வாழப்பழ வாசம் அடிக்குது. சூடு கூடிப்போச்சு, சாக்க நனை” என்பாள். நனைத்தால் டிகிரி இறங்கும். இறங்கிய டிகிரியை நான் எழுதுவேன்.

கோலி சோடா பாட்டில்களில் அடைக்கிற அன்று அம்மா அடுப்பில் இருந்தாள். மாமா தன் யோசனைப்படி, விறுவிறுப்பாக இருக்கட்டுமே என்று பாட்டிலுக்கு ஒரு கைப்பிடி சர்க்கரை போட்டார். அதிகம் என்று நான் சொன்னேன். குறிப்பு எழுதுகிறவர்கள் குறிப்பு மட்டும் எழுத வேண்டும் என்று சொல்லிவிட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து போதகர் வீட்டுக்கு வந்து உட்கார்ந்திருந்தபோதுதான் மாவு அறையில் முதல் பாட்டில் வெடித்தது. இரண்டாவது வெடித்தபோது அப்பா கண்ணை மூடிக்கொண்டார், ஜெபம் போல.

“என்ன சத்தம் அது?” என்றார் போதகர்.

“பார்லித் தண்ணி ஐயா. நீர்க்கடுப்புக்குப் போட்டு வச்சிருக்கோம்” என்றார் மாமா.

“அடடே, எனக்கும் ரெண்டு நாளா அந்தத் தொந்தரவுதான். ஒரு டம்ளர் கொண்டா தம்பி.”

கொண்டு வருவதைத் தவிர வேறு வழியில்லை. போதகர் முகத்தைச் சுளித்துக்கொண்டு குடித்தார். டம்ளரைக் கீழே வைத்தார். பிறகு, கடைக்கு வந்திருந்தவர்கள் திரும்பிப் பார்க்கும்படி ஓர் ஏப்பம் விட்டார். நல்ல மருந்து, கசப்பிலேயே தெரிகிறது என்று சொல்லி, வீட்டம்மாவுக்கும் ஒரு பாட்டில் வாங்கிக்கொண்டு போனார். எல்லோரும் கதையை முடிக்கிற இடம் இதுதான்.

என் கதை இனிமேல்தான். மூன்றாம் முறை அம்மா சர்க்கரை டப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டாள். பாட்டிலுக்குக் கரண்டி நுனியளவுதான். பத்து நாள் ஒன்றும் வெடிக்கவில்லை. துரை ஜீப்பில் இறங்கி வந்தார். அப்பா கடைக்கதவில் பாதியைச் சாத்தினார். மாமா சலவைச் சட்டையில் நின்று கண்ணாடி டம்ளரில் ஊற்றினார். அம்மா வரவில்லை, அடுப்பில் ரொட்டி வெந்துகொண்டிருந்தது, எடுக்க வேறு ஆள் இல்லை.

துரை ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். மீசையைத் துடைத்துக்கொண்டு எஸ்டேட் தமிழில் சொன்னார்: “இது நம்ம ஊரு இல்லே. ஆனா நம்ம ஊருக்குப் பக்கத்து ஊரு.” அப்புறம் மீதியையும் குடித்தார். என் நோட்டைக் கையிலெடுத்து ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். எழுத்து அவருக்குப் புரியாது. ஆனால் தேதியும் டிகிரியும் புரிந்தன. இவ்வளவு ஒழுங்காக இதைச் செய்தது யார் என்று கேட்டார்.

“நாந்தாங்க தொரை” என்றார் மாமா. “புள்ளைகிட்டச் சொல்லிச் சொல்லி எழுத வச்சேன்.”

நான் பக்கத்தில் நிற்கும்போதே சொன்னார். என் தலையில் கையை வைத்துக்கொண்டே சொன்னார். துரை பெட்டியை மாமாவிடமே வைத்துக்கொள்ளச் சொல்லிக் கை குலுக்கினார். எனக்கு ஒரு புதினா மிட்டாய். அதை நான் தின்றேன் என்பது உண்மைதான். தின்றதைச் சம்மதம் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

பெட்டி இரண்டு தெரு தள்ளி மாமா வீட்டுக்குப் போயிற்று. கேட்டதற்கு, “ஒடச்சிருவ ஆத்தா, பெரிய மனுசியானதும் தாரேன்” என்றார். அவர் வீட்டில் அது காலண்டருக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்கியது. வருகிறவர்களிடம் எல்லாம், துரை பாராட்டிக் கொடுத்தது என்று காட்டினார். நான் அவரோடு பேச்சை நிறுத்தினேன். பதினோரு நாள், நோட்டில் குறித்திருக்கிறேன். அம்மாவிடம் மட்டும் தினமும் முறையிட்டேன். வாக்குக் கொடுத்தது, சாட்சி இருந்தது, வேலையைச் செய்தது ஒருத்தி, பெயர் வாங்கியது ஒருத்தர் என்று வரிசைப்படுத்திச் சொன்னேன். அம்மா மாவு பிசைந்துகொண்டே எல்லாவற்றையும் கேட்டாள். ஒருமுறை, “வேலையச் செஞ்சது ஒருத்தி” என்று நான் சொன்னதை அப்படியே திருப்பிச் சொல்லிவிட்டுச் சிரித்தாள். எனக்கு ஆத்திரமாக வந்தது.

பத்தாம் நாள் மலைக்கு ரொட்டி போகவில்லை. மாவு பொங்காமல் களியாகக் கிடந்தது. ஈஸ்ட் தண்ணி போட மறந்துவிட்டேன் என்றாள் அம்மா. மறுநாளும் மறந்தாள். அப்பா ஏதோ கேட்கப் பின்கட்டுக்கு வந்து, அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டுக் கேட்காமலேயே திரும்பினார். காலிக் கூடைகளோடு மாமா பின்கட்டில் வெகுநேரம் நின்று, “அக்கா, அக்கா” என்று கெஞ்சியது எனக்குக் கேட்டது. மத்தியானம் அவரே பெட்டியைக் கொண்டு வந்து என் புத்தகங்களின் மேல் வைத்துவிட்டுப் போனார். சாயங்காலம் ஹாப்ஸ் கொதிக்கிற வாசனை வீடெல்லாம் வந்தது.

பதினோரு நாள் பேசாமல் இருந்து நான் ஜெயித்துவிட்டேன் என்று நம்பினேன். மௌனம் எவ்வளவு பெரிய ஆயுதம் என்று பள்ளிக்கூடத்தில் தோழிகளுக்கு விளக்கக்கூடச் செய்தேன்.

பெட்டி வந்த அன்றைக்கே நோட்டின் கடைசிப் பக்கத்தைத் திருத்தினேன். ‘செய்தவர்கள்’ என்று தலைப்புப் போட்டு, ஒன்று மாமா, இரண்டு நான் என்று முதல் நாளே எழுதி வைத்திருந்தேன். ஒன்றை அடிக்கோல் வைத்து அடித்தேன். இரண்டை ஒன்று ஆக்கினேன். தலைப்பிலிருந்த ‘கள்’ளையும் ஒழுங்காக அடித்தேன். பெட்டியையும் நோட்டையும் தூக்கிக்கொண்டு பின்கட்டுக்கு ஓடி, பார் என்று அம்மாவிடம் நீட்டினேன்.

அம்மா கையைச் சேலையில் துடைத்துவிட்டு வாங்கினாள். முதல் பக்கத்திலிருந்து ஒன்று விடாமல் படித்தாள். கடைசிப் பக்கத்துக்கு வந்ததும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

“கையெழுத்து நல்லா இருக்கு” என்றாள்.

நோட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மாவுத் தொட்டிக்குப் போனாள். நான் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.