அப்பா வாயைத் திறந்த காலை

நான்காம் வகுப்பு படித்த வருடத்தில் ஏறக்குறைய ஐந்து மாதம் நான் என் அப்பாவின் வாயைக் காவல் காத்தேன். வேறு யாருக்கும் அப்படி ஒரு வேலை இருந்ததாக எனக்குத் தெரியவில்லை.

அப்பா டிரெய்லர் ஓட்டுநர். துறைமுகத்துக்குள் போகக் காத்துக் கிடக்கும் கன்டெய்னர் வண்டிகளின் வரிசையில், திருவொற்றியூருக்கும் எண்ணூருக்கும் நடுவே, அவர் வாழ்க்கையில் பாதி கழிந்தது. சின்ன வயதிலிருந்தே அவருக்கு இழுப்பு உண்டு. சட்டைப் பையில் மருந்தை உறிஞ்சும் பம்ப் இருக்கும். ஆனால் மற்ற ஓட்டுநர்கள் முன்னால் அதை எடுத்து வாயில் வைக்கக் கூச்சப்படுவார். ஒருநாள் வரிசை நகர்ந்த பிறகும் இவர் வண்டி நகரவில்லை. பின்னால் நின்றவர் இறங்கி வந்து பார்த்தால், ஸ்டீயரிங்கில் சாய்ந்து மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்தார். இன்னொரு தடவை இப்படி ஆனால் வண்டி தர முடியாது என்று முதலாளி சொல்லிவிட்டார். ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா மருந்தோடு மூச்சுப் பயிற்சியும் செய்யச் சொல்லி, எங்கள் பக்கத்துப் பூங்காவில் காலையில் இலவசமாக யோகா சொல்லித் தருகிறார்கள் என்று வழியும் காட்டினார்.

வழிதான் பிரச்சனை. நாங்கள் ஒரு சின்ன சபையைச் சேர்ந்தவர்கள். பாத்திரக்கடைக்கு மேலே, மாடி ஹாலில் ஆராதனை நடக்கும். அம்மா அங்கே முன்னால் நின்று மைக்கில் பாடுபவள். அம்மா எடுத்துக் கொடுத்தால்தான் மற்றவர்கள் தொடர்வார்கள். அப்படிப்பட்டவளின் புருஷன் யோகாவுக்குப் போவதா? அப்பா அம்மாவிடம் வாக்கிங் என்று சொன்னார். என்னையும் கூட்டிக்கொண்டார்.

"நீயும் வா கண்ணு. வரச்சொல பால் வாங்கினு வந்துரலாம்."

பூங்காவில் பத்துப் பதினைந்து பேர் பாய் விரித்து உட்கார்ந்திருந்தார்கள். மின்வாரியத்தில் வேலை செய்து ஓய்வு பெற்ற ஒருவர் சொல்லிக்கொடுத்தார். நெற்றியில் விபூதி. எல்லோரும் அவரை மாஸ்டர் என்றார்கள். அப்பா கடைசி வரிசையில் உட்கார்ந்து கண்ணை மூடினார்.

"இது யோகாதானேப்பா?" என்று வரும்போது கேட்டேன்.

"மூச்சு வுடறது. அதுக்கு அவுங்க ஒரு பேரு வச்சிக்கிறாங்க. அம்மாகிட்ட இன்னாத்துக்கு இதெல்லாம்?"

பள்ளிகளில் யோகா தினம் கொண்டாடத் தொடங்கியிருந்த காலம் அது. அதனால் எங்கள் ஞாயிறு பள்ளி அக்கா பிள்ளைகளை முன்கூட்டியே எச்சரித்து வைத்திருந்தார். பள்ளிக்கூடத்தில் செய்யச் சொன்னால் வயிற்றுவலி என்று உட்கார்ந்துவிட வேண்டும். எல்லாவற்றையும்விட ஓம் என்று வாயைத் திறக்கவே கூடாது. திறந்தால் ஆவி அந்த வழியாக உள்ளே போய்விடும், பிறகு எளிதில் போகாது. பொய் சொல்லலாமா என்று யாரும் கேட்கவில்லை. எனக்கு ஆவியைப் பற்றி மட்டும்தான் கவலை.

ஆகவே தினமும் காலையில் சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்து அப்பாவின் வாயைப் பார்த்தேன். மாஸ்டர் ஓம் என்று இழுப்பார். எல்லோரும் சேர்ந்து இழுப்பார்கள். அப்பாவின் உதடுகள் ஒட்டியே இருக்கும். அந்த நேரத்தில் நான் "இயேசுவின் ரத்தம் ஜெயம்" என்று ஒரே மூச்சில் ஏழெட்டு முறை சொல்லிவிடுவேன். மூக்கு வழியாக ஆவி போகுமா என்று அக்காவிடம் கேட்க ஆசைதான். கேட்டால் மாட்டிக்கொள்வேன். அந்தச் சந்தேகம் பகலெல்லாம் என்னைத் தின்றது. வாய்ப்பாடு மறந்தது. அப்பா சும்மா இருமினால்கூட, ஏற்கெனவே உள்ளே வந்துவிட்டதோ என்று ஓடிப்போய் அவர் முகத்தைப் பார்த்தேன்.

ஆனால் அப்பாவுக்கு இழுப்பு குறைந்துகொண்டு வந்தது. எங்கள் வீட்டுக்கு மூன்று மாடியும் நிற்காமல் ஏறினார். ஆவி முதலில் நல்லது செய்து ஆசை காட்டும் என்றும் அக்கா சொல்லியிருந்ததால், அதுவும் எனக்குப் பயமாகவே இருந்தது.

ஒரு காலை, எல்லோரும் ஓம் என்று தொடங்கும்போது அப்பாவின் வாய் திறந்தது. கொட்டாவி இல்லை. உதடு அசைந்ததை என் கண்ணால் பார்த்தேன்.

அன்றைக்கு நான் பால் பாக்கெட்டைக் கீழே போட்டு உடைத்தேன். அப்பா திட்டவில்லை. இவ்வளவு நல்ல அப்பா நரகத்துக்குப் போகப்போகிறாரே என்று அழுகை வந்தது. சபை வாசலில் ஜெபக் குறிப்புப் பெட்டி ஒன்று உண்டு. ஞாயிற்றுக்கிழமை, நான்கு கோடு நோட்டில் கிழித்த தாளில் இப்படி எழுதிப் போட்டேன்: "என் அப்பா யோகா செய்கிறார். வாயைத் திறந்து ஓம் சொல்லிவிட்டார். அவருக்காக ஜெபிக்கவும்." பெயர் எழுதவில்லை. கர்த்தருக்குத் தெரியாதா யார் என்று?

பாஸ்டர் குறிப்புகளை ஒவ்வொன்றாக வாசித்தார். வேலை, கல்யாணம், மூட்டுவலி. என் தாளை எடுத்து முதல் வரியைச் சத்தமாக வாசித்த பிறகுதான் அவருக்கே உறைத்தது, நிறுத்திவிட்டார். அவர் அப்படியே அடுத்ததை எடுத்திருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. நான்தான் ஓவென்று அழுதுவிட்டேன். ஹால் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. மைக் பக்கத்தில் நின்ற அம்மாவும் பார்த்தாள்.

மறுநாள் சாயங்காலம் பாஸ்டர் வீட்டுக்கு வந்தார். கோபமாக வரவில்லை, அதனால் எனக்கு இன்னும் பயம். நான் பீரோவுக்குப் பக்கத்தில் ஒண்டி நின்றேன்.

"உங்க கஷ்டம் எனக்குத் தெரியாம இல்ல பிரதர். ஆனா சூரிய நமஸ்காரம்னா, அந்த நமஸ்காரம் யாருக்கு? பேர்லயே கீதே."

"நான் குனியச்சொல எனுக்கு மண்ணுதான் அய்யா தெரிது. சூரியன் முதுகாண்ட கீது."

"ஓம்னு சொன்னீங்களாமே?"

அப்பா என் பக்கம் திரும்பவில்லை. "அவுங்க சொல்லச்சொல நான் மனசுக்குள்ள ஆமென்னு சொல்லிக்குவேன். அன்னிக்கு வாய்ல வந்துருச்சி."

பாஸ்டர் டீயைக் கீழே வைத்தார். "அது கர்த்தருக்குத் தெரியும். பால் வாங்க அந்தப் பக்கமா போற விசுவாசிக்குத் தெரியாதே. அவங்க விசுவாசத்துல இடறினா யார் பொறுப்பு?"

"மூச்சு குடுத்தவரு அவருதானே? அத்த எப்டி இழுத்து வுட்டா இன்னா அய்யா?"

"இழுத்து வுடறது உடம்பு மட்டும்தான், உள்ளம் கூடப் போகலன்னு உங்களால உறுதியா சொல்ல முடியுமா பிரதர்?"

அப்பா அவர் முன்னால் முழங்காலிட்டார். அந்தக் கேள்விக்கு எனக்கு இன்றுவரை பதில் தெரியாது. பாஸ்டர் அப்பா தலையில் கைவைத்து வெகுநேரம் ஜெபித்தார். அம்மா டீ டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். மறுநாளிலிருந்து அப்பா பூங்காவுக்குப் போகவில்லை. நான் நிம்மதியாகத் தூங்கினேன்.

மழை தொடங்கியதும் இழுப்பு திரும்பியது. அப்பா பம்ப்பையும் சரியாக எடுப்பதில்லை. விசுவாசம் போதாது என்று ஆகிவிடுமோ என நினைத்தாரோ என்னவோ. ஒரு ஞாயிறு மதியம், ஆராதனை முடிந்து வரும்போது, இரண்டாவது மாடித் திருப்பத்தில் உட்கார்ந்துவிட்டார். பேச்சு வரவில்லை. உதடு கத்திரிக்காய் நிறத்துக்கு மாறியிருந்தது. பக்கத்து வீட்டுக்காரர்கள் தூக்கி ஆட்டோவில் ஏற்றினார்கள். அம்மா சத்தமாக ஜெபிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் உதடு அசையவில்லை. அப்பாவின் நெஞ்சையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் நான் இரண்டையும் யோசித்தேன். அப்பா யோகா செய்ததற்குக் கர்த்தர் தண்டிக்கிறாரா, அல்லது நான் எழுதிப் போட்டு அதை நிறுத்தியதால் இப்படி ஆனதா? எது என்று தெரிந்தால் எதற்கு மன்னிப்புக் கேட்பது என்றாவது தெரியும். தெரியாததால் இரண்டுக்கும் கேட்டேன்.

அப்பா முகத்தில் புகைபோல மருந்து வரும் மூடியை மாட்டியிருந்தார்கள். "பம்ப்பும் ஒழுங்கா எடுக்கல, பயிற்சியையும் விட்டுட்டீங்க. யார் நிறுத்தச் சொன்னது?" என்று அதே டாக்டரம்மா கடிந்துகொண்டார்.

"நாங்கதான் நிறுத்திட்டோம்" என்றாள் அம்மா.

திரும்பும்போது அவள் முந்தானையைப் பிடித்து இழுத்துக் கேட்டேன். "அப்பா நரகத்துக்குப் போவாராம்மா?"

"இப்போ வூட்டுக்குப் போலாம் வா" என்றாள்.

அடுத்த வாரம் ஒரு காலை அம்மாதான் அப்பாவை எழுப்பினாள். "எழுந்திருங்க. பார்க்குக்கு நேரமாவுது." அப்பா நம்பாமல் பார்த்தார். "பம்ப் எடுத்தாச்சா?" என்று கேட்டுவிட்டு, எங்களோடு அவளும் கிளம்பினாள். பூங்காவில் என் பெஞ்சில், பால் வாங்கப் போகும் எல்லோருக்கும் தெரிகிற மாதிரி, வாசலைப் பார்த்து வேதாகமத்தோடு உட்கார்ந்தாள். சபை ஆட்கள் இரண்டு மூன்று பேர் கடந்து போனார்கள். ஒவ்வொருவருக்கும் எழுந்து நின்று ஸ்தோத்திரம் சொன்னாள். அப்பாவைக் காவல் காக்க என்னைவிடப் பலமான ஆள் வந்துவிட்டது என்று எனக்கு ஆறுதலாக இருந்தது.

அந்த மாதக் கடைசியில் ஆராதனையில் வேறொரு அக்கா மைக் முன்னால் நின்றார். அம்மா என் பக்கத்தில், ஐந்தாவது வரிசையில் உட்கார்ந்திருந்தாள். ஏனென்று கேட்டேன்.

"தொண்டை கட்டிக்கினு கீது" என்றாள்.

இரண்டு வாரம் காலையும் மாலையும் வெந்நீரில் கல்லுப்பைப் போட்டு நான்தான் கலக்கிக் கொடுத்தேன். ஒருமுறைகூட வேண்டாம் என்று சொல்லாமல், குழாயடியில் அண்ணாந்து நின்று கொப்பளித்தாள். மூன்றாவது வாரம், சங்கரா மீனைக் கழுவிக்கொண்டே அவள் பழையபடி உரக்கப் பாடுவது கேட்டது. உப்புத் தண்ணீர் பலித்துவிட்டது! அப்பாவிடம் ஓடினேன்.

"அம்மாவுக்குத் தொண்டை சரியாயிடுச்சிப்பா. இனிமே மைக்ல பாடலாம்."

அப்பா சட்டென்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. மறுபடியும் இழுப்பு வந்துவிட்டது என்று நடுங்கிப்போய், அவர் முதுகு ஏறி இறங்குவதை ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டே நின்றேன்.