கை வலிக்காதிருக்கட்டும்

தெஹ்ரானில் எங்கள் கீழ்வீட்டு ஃபரானக் பெண்கள் நீச்சல்குளத்தில் பயிற்சி தருபவள். நான்காண்டுகளுக்கு முன், திருமணப் பரிசாக அவள் மூக்கைத் திருத்தியமைத்தவர் கணவனின் தாய்மாமன், டாக்டர் கூஷ்யார். கட்டுப் பிரித்த அன்று, "உங்க கை வலிக்காம இருக்கட்டும், மாமா" என்று ஊர் வழக்கப்படி நன்றி சொன்னாள். இடப்பக்க மூச்சு அன்றே அடைத்திருந்தது.

இன்று மூக்குத்தண்டு கிள்ளிவிட்டாற்போல் ஒடுங்கிவிட்டது. குளத்தில் இருமுறை போய்த் திரும்பினால் சுவரைப் பற்றிக்கொண்டு இரைக்கிறாள்.

யாருக்கும் சொல்லாமல் வேறொரு பெண் மருத்துவரிடம் சென்றாள். அவர் விளக்கைப் பாய்ச்சிப் பார்த்தார்.

"உள்ள தாங்குற குருத்தெலும்பே மிச்சமில்லம்மா. விலாவிலேருந்து எடுத்துத்தான் முட்டுக் கொடுக்கணும். மூச்சு திரும்பும்னு நம்புறேன், சத்தியம் பண்ண மாட்டேன். இதுவும் தப்பாப் போனா, அப்புறம் யாராலயும் பெருசா ஒண்ணும் பண்ண முடியாது. முன்னாடி என்னத்த வெட்டினாங்கன்னு தெரியணும். அவர்கிட்ட ஆபரேஷன் குறிப்பை வாங்கிட்டு வாங்க."

அந்தக் குறிப்புதான் இடித்தது. ஒவ்வொரு வெள்ளிக்கிழமை விருந்திலும் மாமியார் அவள் முகவாயைப் பிடித்துத் திருப்பி, "பாருங்க, என் தம்பி கைவேலை!" என்று உறவினருக்குக் காட்டுவது வழக்கம்.

விஷயத்தைச் சொன்னதும் கணவன் காம்யார் தயங்கினான். "மாமாவைக் குறை சொன்னா அம்மா ரம்ஜான் வரைக்கும் பேசமாட்டா. வாயாலதான் மூச்சு விடுறியே, போதாதா?"

"வாய் உன்னோட சண்டை போடவே சரியாப் போகுதே!"

இனிப்புப் பெட்டியுடன் மாமாவின் மருத்துவமனைக்குச் சென்றாள். கேட்க வேண்டியதை வழியெல்லாம் மனப்பாடம் செய்திருந்தாள்.

"வா மருமகளே! என்ன, இன்னும் அழகாகணுமா?"

"இல்ல மாமா... என் ஆபரேஷன் குறிப்பு வேணும். சும்மா, வீட்டுல இருக்கட்டும்னு."

அவர் மூக்குக்கண்ணாடியை இறக்கி, கட்டைவிரலால் அவள் மூக்குத்தண்டை அழுத்தினார். சிரிப்பு மறைந்தது.

"கொஞ்சம் அமுங்கியிருக்கு. இதுக்கா குறிப்பு? வேற எவன்கிட்டயும் போயிடாதே, குடும்பத்துக்கே அவமானம். நானே திறந்து சரிபண்றேன். காசுங்கிற பேச்சே கூடாது."

வேண்டாம் என்று சொல்லத்தான் நினைத்தாள். அவள் நாவோ பழகிய தடத்தில் ஓடியது.

"உங்க கை வலிக்காம இருக்கட்டும், மாமா."

மரியாதையாக மறுப்பதற்கும் மகிழ்ந்து ஏற்பதற்கும் இந்நகரில் இந்த ஒரே சொல்தான். கூஷ்யார் தமக்கு உகந்த பொருளை எடுத்துக்கொண்டு நாட்குறிப்பைத் திறந்தார்.

"அடுத்த செவ்வாய். வெறும் வயித்துல வா. அக்காகிட்ட நானே சொல்லிடுறேன்."

அவள் கேட்க வந்த குறிப்பு அவர் அலமாரியிலேயே இருந்தது. படியிறங்கும்போது ஃபரானக் வாய் திறந்தாள், மூச்சுக்காக.