மிதிக்க வேண்டிய பெட்டி

உப்புவெளிக் கடற்கரையில் ஒரு விடுதி. சனிக்கிழமை மாலைகளில் நானும் தங்கச்சியும் அங்கே கிற்றார் வாசித்துப் பாடுவோம். அவள் கல்யாணம் முடித்துக் கனடா போனதும் நான் தனித்துப்போனேன். விடுதிக்காரி நல்ல மனுசிதான், ஆனால் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டா.

"டீச்சர், தனிக் கிற்றார் வெறுமையாக் கிடக்கு. வாற சனி ஒருக்காப் பாப்பம். சரிவராட்டி ஸ்பீக்கரில பாட்டுப் போட்டு விடுறன்."

கிழமை முழுக்கக் கணக்குப் படிப்பிக்கிற எனக்கு அந்த இரண்டு மணித்தியாலம்தான் மூச்சு. அதை ஒரு ஸ்பீக்கருக்கு விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை.

லூப்பர் வாங்குவதென்று முடிவெடுத்தேன். காலால் அழுத்தினால், நாம் வாசிப்பதைப் பதிந்து, திரும்பத் திரும்ப ஒலிக்கவிடும் பெட்டி அது. அதன் மேல் இன்னொன்றை வாசிக்கலாம். ஒருத்தியே இரண்டு பேராகலாம். டவுனில் இசைக்கருவிக் கடை வைத்திருப்பவர் இரண்டு வகை காட்டினார். ஒன்று நாலு பொத்தானும் திரையும் உள்ள பெரியது. மற்றது ஒற்றைப் பொத்தானோடு சின்னது; அடுத்தடுத்து இரண்டு தரம் அழுத்தினால் நிற்கும்.

"ரெண்டையும் கொண்டுபோய் வாசிச்சுப் பாருங்கோ. வெள்ளிக்கிழமை ஒண்டைத் திருப்பித் தந்தாச் சரி" என்றார். என் கண் முழுக்கப் பெரியதில்தான்.

வீட்டில் அதைத் தரையில் வைத்து, முதல் சுற்றை வாசித்து, காலால் அழுத்தினேன். அடுத்த கணமே குனிந்து, வலக்கையால் பெட்டியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். வாத்தியத்திலோ புத்தகத்திலோ கால் பட்டால் செய்வதை யோசிக்காமலே செய்திருக்கிறேன். தாளம் போய்விட்டது. திரும்ப அழுத்தினேன், திரும்பக் குனிந்தேன். சரி, மேசையில் வைத்துக் கையால் அழுத்துவோம் என்றால், தந்தியிலிருந்து கையை எடுத்த இடத்தில் இசையில் ஓட்டை விழுந்து, ஒவ்வொரு சுற்றிலும் அந்த ஓட்டையே திரும்பி வந்தது. வியாழன் வரை இதே கூத்து. வந்த எரிச்சலில் இரண்டையும் திருப்பிக் கொடுத்துவிடலாமா என்றுகூட நினைத்தேன்.

கதிரையில் இருந்து பார்த்துக்கொண்டிருந்த கணவர் கேட்டார்: "இஞ்சரும், தையல் மெசினையும் நீர் ஒவ்வொரு மிதிக்கும் கும்பிட்டுக்கொண்டோ தைக்கிறனீர்?"

"அதைத்தான் சரஸ்வதி பூசைக்குக் கும்பிடுறன்."

"அப்ப இதையும் முதலே கும்பிட்டுப்போட்டு மிதியும்."

எனக்குக் கோபம் வந்தது. அவர் சொன்னது சரியாக இருந்ததால் வந்த கோபம். பெரிய பெட்டி ஆசையும் அதோடு விட்டது. நாலு இடத்தில் மிதித்து நாலு மன்னிப்புக் கேட்க என்னால் ஏலாது. சின்னதுக்கு ஒன்று போதும். மறுநாளே பெரியதைத் திருப்பிக் கொடுத்தேன்.

சனிக்கிழமை, கிற்றாரை எடுக்க முன்னம் பெட்டியைத் தொட்டு, அன்று மாலை முழுவதற்கும் சேர்த்து ஒரேயடியாகக் கண்ணில் ஒற்றினேன். பிறகு மிதித்தேன். கை தன் பாட்டில் வாசித்துக்கொண்டிருந்தது. ஓட்டையில்லாத சுற்றின் மேல் நான் பாடினேன். முன்வரிசைக் கதிரைகளில் இருந்தவர்கள் கடைசிப் பாட்டு வரை எழும்பவில்லை. அப்பாடா என்றிருந்தது. ஒரு கிழமையாகச் சரியாகச் சாப்பிடவில்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

விடுதிக்காரி என்னிடம் வந்தா. முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. வயரைத் தாண்டப்போய்ப் பெட்டியை மிதித்துவிட்டா. நிறுத்தி வைத்த சுற்று திரும்ப ஒலிக்கத் தொடங்கியது. அவ சட்டென்று குனிந்து, பெட்டியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டா.

"குறை நினையாதேங்கோ டீச்சர், தெரியாமல் கால் பட்டிட்டுது" என்றா. "வாற சனி அரை மணித்தியாலம் முந்தி வாங்கோ. சனம் நேரத்தோட வருகுது."

நான் இரண்டு தரம் மிதித்து அதை நிறுத்திவிட்டு, ஓம் என்றேன்.